ஆறு வருடம், 3,100 மணி நேரம்: என் பழைய செயின் லோடர் எப்படி இருக்கிறது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், டயருக்குப் பதில் இரும்புச் செயினில் நகர்ந்து பக்கெட்டால் மண் அள்ளும் இந்த வண்டி எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆறு வருடமாக என்னிடம் இருக்கிறது, 3,100 மணி நேரம் நானே ஓட்டியிருக்கிறேன், கிரீஸ் அடிப்பதிலிருந்து சிலிண்டர் சீல் மாற்றுவதுவரை பெரும்பாலும் நானே செய்திருக்கிறேன். அதனால் இது கடையில் பார்த்துவிட்டு எழுதுகிற விமர்சனம் இல்லை. மண்ணில் இறக்கி, உடைத்து, சரிசெய்து, மறுபடி ஓட்டி எழுதுவது.

வண்டி 1970களின் கடைசியில் செய்தது. எடை சுமார் 15 டன், நாலு சிலிண்டர் டர்போ டீசல் எஞ்சின், 130 குதிரைத்திறன், ஒன்றரை கன மீட்டர் பக்கெட். டார்க் கன்வர்ட்டர் (எஞ்சின் சக்தியை ஆயில் வழியாகக் கியருக்குக் கடத்துவது), பவர்ஷிஃப்ட் கியர் (கிளட்ச் மிதிக்காமல் மாற்றுவது), முன்னால் மூன்று, பின்னால் மூன்று. திருப்புவதற்குக் காலில் இரண்டு பெடல், பக்கெட்டுக்கு வலது கையில் லிவர். கம்பெனி பெயரை எழுதவில்லை, ஏனென்றால் அந்தக் காலத்தில் இந்த அளவில் வந்த வண்டிகள் பலவற்றின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்: எஞ்சின் முன்னால், ஆப்பரேட்டர் பின்னால், நடுவில் கன்வர்ட்டரும் கியர்பாக்ஸும், பின்பக்கம் ஸ்டியரிங் கிளட்ச் (ஒரு பக்கச் செயினுக்குப் போகும் சக்தியைத் துண்டித்துத் திருப்புவது), இரண்டு பக்கமும் ஃபைனல் டிரைவ் (செயினைச் சுழற்றும் கடைசிக் கியர்). எஞ்சினைப் பின்னால் வைத்து ஹைட்ரோஸ்டாட்டிக் டிரைவ் (ஆயில் பம்ப்பும் மோட்டாரும் செயினை ஓட்டுவது) போட்ட புதுத் தலைமுறை பெரிய அளவில் வர ஆரம்பித்தது 1980களின் தொடக்கத்தில்தான். அதற்கு முந்தைய வண்டி எதை வைத்திருந்தாலும் நான் எழுதுவதில் பெரும்பகுதி உங்களுக்கும் பொருந்தும்.

வேலைத்திறனுக்கு ஐந்தில் நாலரை கொடுப்பேன். உட்கார்ந்து ஓட்டும் வசதிக்கு ஒன்றரை. பராமரிப்புக்கு என்ன மதிப்பெண் கொடுப்பது என்பது வண்டியைவிட உங்களைப் பொறுத்தது, அதைத்தான் விளக்கமாக எழுதப்போகிறேன்.

பழைய செயின் லோடரைப் பற்றி என்னிடம் கேட்கிறவர்கள் எல்லாரும் முதலில் எஞ்சினைக் கேட்கிறார்கள். புகை வருகிறதா, ஆயில் குடிக்கிறதா, எத்தனை மணி நேரம் ஓடியது. நானும் வாங்கும்போது அதைத்தான் கேட்டேன். ஆனால் இந்த வண்டியின் ஆயுசு இருப்பது அடியில், செயினில். எஞ்சினைப் பிரித்து லைனர், பிஸ்டன் போட்டுக் கட்டிவிடலாம், ஒருமுறை ஒழுங்காகக் கட்டினால் பல வருடம் பேசாது. அண்டர்கேரேஜ், அதாவது செயினும் அதோடு சுழலும் சக்கரங்களும், அப்படி இல்லை, வண்டி ஓடுகிற ஒவ்வொரு மீட்டருக்கும் அது தேய்ந்துகொண்டே இருக்கிறது, நீங்கள் ஓட்டும் விதம் நேராக அங்கேதான் எழுதப்படுகிறது. ரிப்பேருக்குப் போகும் பணத்தில் பாதி அடிப்பாகத்துக்குத்தான் போகும் என்று இந்தத் தொழிலில் பொதுவாகச் சொல்வார்கள், என் கணக்குப் புத்தகமும் அதையேதான் சொல்கிறது.

சரி, வேலையைப் பார்ப்போம்.

ஈரமான களிமண், புதிதாகக் கொட்டிய மண், சேறு, சரிவு, இங்கெல்லாம் டயர் லோடர் திணறும் இடத்தில் இது நிதானமாக நடந்து போகும். 15 டன் எடையும் இரண்டு செயினின் பரப்பில் பரவிவிடுவதால் தரையில் விழும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு முக்கால் கிலோ அளவுதான். டயர் வண்டியில் அது பல மடங்கு. அப்புறம் இதன் பெரிய பலம், ஒரே வண்டி தோண்டும், தள்ளும், அள்ளும், சமப்படுத்தும், லாரியிலும் ஏற்றும். பொக்லைன் ஆழமாகத் தோண்டுவதில் இதை ஓரம் கட்டிவிடும், அள்ளிக்கொண்டு ஓடுவதில் டயர் லோடர் இதைவிட எவ்வளவோ வேகம். ஆனால் மேல்மண்ணைச் சீவி, அடிமண்ணை உடைத்து, அதே மண்ணை அறுபது அடி தள்ளி நிற்கும் டிப்பரில் ஏற்றி, கடைசியில் தரையை மட்டமாக்கிக் கொடுக்க வேண்டுமென்றால், ஒரு ஆள் ஒரு வண்டியில் முடிக்கலாம். சின்ன இடத்தில் பள்ளம் எடுக்கிற வேலைக்கு இதற்கு இணையாக நான் எதையும் பார்க்கவில்லை.

பக்கெட்டை நிரப்புவதில் ஒரு பழக்கம் வேண்டும். புதியவர்கள் குவியலை நோக்கி இரண்டாம் கியரில் போய் மோதுவார்கள், செயின் வழுக்கிச் சுற்றும், பக்கெட் பாதிதான் நிரம்பும். முதல் கியர், பக்கெட்டின் அடி தரைக்கு மட்டமாக, வெட்டுப்பட்டை தரையை லேசாகத் தொட்டபடி நேராக உள்ளே போக வேண்டும். வண்டி முக்க ஆரம்பிக்கும்போது கொஞ்சம் தூக்குங்கள், தூக்கும்போது மண்ணின் எடையும் எதிர்ப்பும் வண்டியின் முன்பாகத்தில் இறங்கி செயினுக்குப் பிடிப்பு கூடும், அதே நேரத்தில் மெதுவாகச் சுருட்டுங்கள், தூக்கு, சுருட்டு, தூக்கு, சுருட்டு என்று இரண்டு மூன்று தடவையில் பக்கெட் நிறைந்துவிடும். செயின் வழுக்கினால் அந்தக் கணமே ஆக்சிலரேட்டரைக் குறைக்க வேண்டும். வழுக்கும் ஒவ்வொரு சுற்றும் கிரவுசரை (தரையைக் கவ்வுவதற்காகச் செயின் தட்டில் இருக்கும் பட்டை) தேய்க்கிற சுற்று, ஒரு பிடி மண்கூடக் கூடுதலாக வராது. அதேபோல முன்பக்கம் தூக்கும் அளவுக்குப் பக்கெட்டைத் தரையில் அழுத்திக்கொண்டு ஓட்டக்கூடாது, ஐட்லர் (செயின் சுற்றி வரும் முன்பக்கச் சக்கரம்) அந்தரத்தில் நிற்கும், எடை முழுக்கப் பின்பக்க ரோலர்களில் (செயின்மேல் வண்டியைத் தாங்கும் உருளைகள்) விழும்.

எவ்வளவு தூக்கலாம் என்பதிலும் கவனம் வேண்டும். செயின் லோடருக்கு வேலைப் பளு என்று குறிப்பது, வண்டி முன்னால் கவிழத் தொடங்கும் எடையில் 35 சதவீதம்தான். டயர் லோடருக்கு அது 50 சதவீதம். ஈரமான களிமண்ணைக் குவித்து அள்ளினால் ஒன்றரை கன மீட்டர் பக்கெட்டில் அந்த எல்லையைத் தாண்டுவது மிகச் சுலபம். பெரிய பக்கெட் மாட்டினால் சீக்கிரம் முடியும் என்று நினைத்து மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன், முன் ரோலர்களும் ஐட்லரும் சீக்கிரம் போனதுதான் மிச்சம். பக்கெட் சுமையோடு நகரும்போது அதைத் தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் தூக்க வேண்டாம். சரிவில் நேர் மேலே, நேர் கீழே மட்டும்.

சரிவு என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், இதைத் தெரியாமல் ஓட்டுவது ஆபத்து. பெடலைப் பாதி அழுத்தினால் அந்தப் பக்கக் கிளட்ச் மட்டும் விடுபடும், முழுதாக அழுத்தினால்தான் பிரேக்கும் பிடிக்கும். சமதரையில் இடது பெடலைப் பாதி அழுத்தினால் இடது செயின் இழுப்பை இழக்கும், வண்டி இடதுபக்கம் திரும்பும். செங்குத்தான இறக்கத்தில் வண்டியின் எடையே அதைக் கீழே தள்ளுகிறது, எஞ்சின்தான் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கிறது. அங்கே இடது கிளட்ச்சை மட்டும் விடுவித்தால் இடது செயின் தடையில்லாமல் வேகமாக ஓடும், வண்டி வலதுபக்கம் திரும்பும். நினைத்ததற்கு நேர் எதிர்! முதன்முறை எனக்கு இது நடந்தபோது பக்கெட்டைத் தரையில் ஊன்றி நிறுத்தினேன், கொஞ்ச நேரம் கால் நடுங்கிக்கொண்டே இருந்தது. இறக்கத்தில் திருப்ப வேண்டுமென்றால் தயங்காமல் பிரேக் பிடிக்கும்வரை பெடலை இறக்க வேண்டும், அதைவிட நல்லது மேலேயே திசையைச் சரிசெய்துகொண்டு திருப்பமே இல்லாமல் இறங்குவது.

இனி அடிப்பாகம். இதற்குத்தான் நான் அதிகம் எழுத விரும்புகிறேன்.

செயின் இறுக்கம் என்பது எல்லாரும் தப்பாகச் செய்கிற விஷயம். தொங்கிக்கொண்டிருந்தால் கழன்றுவிடுமோ என்ற பயத்தில் இறுக்கமாக வைக்கிறார்கள். இறுக்கமான செயினில் பின் (செயின் கண்ணிகளைக் கோக்கும் தண்டு), புஷ் (பின்னைச் சுற்றியிருக்கும் குழாய்), ஸ்ப்ராக்கெட் (செயினை இழுக்கும் பல்சக்கரம்), ஐட்லர் எல்லாம் சுமையில்லாமல் நகரும்போதுகூட அழுத்தத்திலேயே தேய்கின்றன, எஞ்சின் சக்தியில் ஒரு பங்கு அதற்கே போகிறது. அளப்பது கடினமில்லை. வண்டியைக் கொஞ்சதூரம் முன்னால் ஓட்டி, பிரேக் பிடிக்காமல் தானாக நிற்கவிட வேண்டும். மேல்தாங்கி ரோலருக்கும் ஐட்லருக்கும் நடுவே செயின்மேல் ஒரு நேர்க் கம்பியை வைத்து, நடுவில் எவ்வளவு தொய்வு என்று பார்க்க வேண்டும். இந்த அளவு வண்டிகளுக்கு அது 25 முதல் 40 மில்லிமீட்டருக்குள் வரும், உங்கள் வண்டியின் கையேட்டில் சொன்ன அளவே இறுதி. முக்கியமாக, எந்த மண்ணில் வேலை செய்கிறீர்களோ அந்த மண் ஒட்டியிருக்கும்போதே அளக்க வேண்டும். சுத்தமாகக் கழுவிவிட்டு அளந்து சரிசெய்து, களிமண்ணில் இறக்கினால், ஸ்ப்ராக்கெட் பற்களுக்கிடையில் களிமண் இறுகி ஒரு மணி நேரத்தில் செயின் வீணைக் கம்பி மாதிரி விறைத்துவிடும்.

இறுக்குவது கிரீஸ் பம்பால்தான், தளர்த்துவது வால்வைத் திறந்து. அந்த வால்வுக்குப் பின்னால் கிரீஸ் பயங்கரமான அழுத்தத்தில் இருக்கிறது. ஒரு சுற்றுக்குமேல் திருகக்கூடாது, முகத்தை நேரே வைக்கக்கூடாது, கிரீஸ் வரவில்லையே என்று இன்னும் கழற்றிப் பார்க்கக்கூடாது. வால்வு தெறித்தால் தோலைக் கிழித்துக்கொண்டு உடம்புக்குள் போகும், உயிர் போயிருக்கிறது. கிரீஸ் வராவிட்டால் வால்வை மூடிவிட்டு, வண்டியை மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்து, அதற்கும் அசையாவிட்டால் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

ரிவர்ஸில் ஓட்டும் தூரத்தைக் குறைத்தால் செயின் அதிக நாள் வரும், இது வெறும் நம்பிக்கை இல்லை. முன்னால் போகும்போது பின்னால் இருக்கும் ஸ்ப்ராக்கெட் தரையிலிருந்து எழும்பி வரும் அந்தச் சின்னத் துண்டை மட்டும்தான் இழுக்கிறது, மேல் செயின் தளர்வாக வருகிறது. ரிவர்ஸில் இழுவிசை மேல்பக்கம் முழுக்க, ஐட்லரைச் சுற்றி, தரைவரை போகிறது. அத்தனை இணைப்புகளும் சுமையோடு மடங்கி நிமிர்கின்றன, புஷ்கள் ஸ்ப்ராக்கெட் பல்லில் அழுந்தியபடியே உருள்கின்றன. லோடர் வேலையில் பாதி ரிவர்ஸ்தான், தவிர்க்க முடியாது. ஆனால் டிப்பரைக் குவியலுக்குப் பக்கத்தில் சாய்வாக நிறுத்தச் சொன்னால் ரிவர்ஸ் தூரம் பாதியாகும். மூன்றாம் கியர் ரிவர்ஸை நான் தொடுவதே இல்லை.

திருப்பமும் அப்படித்தான். ஒரு செயினைப் பூட்டி நின்ற இடத்தில் சுழற்றுவது பார்க்க அழகாக இருக்கும். பாறையிலோ கான்கிரீட்டிலோ அதைச் செய்தால் ரோலர் விளிம்பு, லிங்க்கின் (செயின் கண்ணி) பக்கவாட்டு, ஷூ (தரையில் படும் செயின் தட்டு) போல்ட் மூன்றும் ஒரே நேரத்தில் அடி வாங்கும். அகலமாக, படிப்படியாகத் திரும்புங்கள். இதே காரணத்துக்காகத்தான் லோடர்களில் ஷூவுக்கு இரண்டு அல்லது மூன்று குட்டைக் கிரவுசர் வைக்கிறார்கள், டோசர் மாதிரி ஒரே உயரமான கிரவுசர் இருந்தால் தரையைக் கவ்விக்கொள்ளும், திரும்பும்போது வண்டியே முறுக்கும். ஷூவின் அகலமும் தேவைக்குமேல் கூடாது, சேற்றில் நிற்கத் தேவையான அளவில் மிகக் குறுகியது எதுவோ அதுதான் சரி.

ஷூ போல்ட் ஒன்று லூஸாகிவிட்டால் மற்றவை வரிசையாக லூஸாகும், ஓட்டை நீளும், பிறகு எந்த போல்ட் போட்டாலும் நிற்காது. வாரம் ஒருமுறை சுத்தியலால் தட்டிப் பார்ப்பேன், இறுக்கமான போல்ட்டின் சத்தமும் தளர்ந்ததின் சத்தமும் வேறுவேறு. இறுக்குவதிலும் முறை இருக்கிறது: முதலில் கையேட்டில் சொன்ன டார்க் (முறுக்கு அளவு), அதற்குமேல் மூன்றில் ஒரு சுற்று, அதாவது 120 டிகிரி. வெறும் நீளப் பைப்பை மாட்டித் தொங்குவது போதாது.

நான் வாங்கி 1,400 மணி நேரம் ஓடியபோது பின், புஷ் திருப்பினேன். புஷ் ஒரு பக்கம்தான் தேயும், செயினைக் கழற்றிப் பெரிய ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்து ஒவ்வொன்றையும் 180 டிகிரி திருப்பிப் போட்டால் தேயாத பக்கம் வேலைக்கு வரும். இதற்கு நேரம் முக்கியம். புஷ் ஓட்டை விழும் அளவுக்குத் தேய்ந்தபிறகு திருப்பவே முடியாது, தேவையில்லாமல் சீக்கிரம் செய்தாலும் வீண். அதனால்தான் 250 மணி நேரத்துக்கு ஒருமுறை அளக்கிறேன்: ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பழைய பின்னைச் சொருகி, மெதுவாக ரிவர்ஸ் எடுத்து மேல் செயினை இறுக்கி, நாலு பிட்ச் (ஒரு பின்னிலிருந்து அடுத்த பின் வரை ஒரு பிட்ச்) நீளத்தை டேப்பால் அளந்து எழுதி வைப்பேன். எண்கள் கையில் இருந்தால் எந்தப் பட்டறையிலும் ஏமாற மாட்டோம்.

ரோலர்களில் ஆயில் கசிவு இருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். வேலை முடிந்ததும் ஒவ்வொரு ரோலருக்கும் அருகே கையைக் கொண்டுபோனால் போதும், மற்றவற்றைவிட மிகச் சூடாக இருப்பது உள்ளே ஆயில் இல்லாதது. சுற்றாமல் நிற்கும் ரோலர் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்து, லிங்க்கையும் கெடுக்கும். ஃபைனல் டிரைவில் கம்பி சுற்றிக்கொண்டால் உடனே வெட்டி எடுங்கள். சாதாரண வேலிக் கம்பிதான், ஆனால் அது சீலுக்குள் இழுத்துக்கொண்டு போனால் ஆயில் முழுக்க வெளியே, மண் முழுக்க உள்ளே. ஆயில் மாற்றும்போது பிளக்கின் காந்தத்தைப் பார்ப்பேன், மாவு மாதிரி ஒட்டியிருந்தால் இயல்பான தேய்மானம், செதில் மாதிரி வந்தால் பேரிங்கோ கியரோ உடையத் தொடங்கிவிட்டது.

ஸ்டியரிங் கிளட்ச்சில் எனக்கு ஒரு நீண்ட அனுபவம். இரண்டாம் வருடம், குவியலுக்குள் முட்டித் தள்ளும்போதெல்லாம் வண்டி வலதுபக்கம் இழுத்தது. காலியாக ஓடும்போது நேராகப் போகும். வலது செயினுக்குச் சக்தி முழுதாகப் போகவில்லை, அதாவது வலது கிளட்ச் வழுக்குகிறது என்று அர்த்தம். பெடலின் ஃப்ரீ பிளேயை (கிளட்ச் விடுபடத் தொடங்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம்) சரிசெய்து பார்த்தேன், இரண்டு நாள் நன்றாக இருந்து மறுபடி வந்தது. என் வண்டியில் கிளட்ச் டிரை வகை (ஆயில் படாமல் இயங்குவது), அந்த அறையின் அடியில் ஒரு வடிகால் பிளக் இருக்கிறது. திறந்ததும் அரை லிட்டர் கியர் ஆயில் கொட்டியது. பக்கத்தில் இருக்கும் சீல் போய், ஆயில் லைனிங்கில் ஊறியிருக்கிறது. சீலையும் டிஸ்க்குகளையும் மாற்ற ஒன்பது நாள் ஆனது, சீட், டேங்க், ஃப்ளோர் பிளேட் எல்லாம் கழற்ற வேண்டியிருந்தது. அன்றிலிருந்து 100 மணி நேரத்துக்கு ஒருமுறை அந்தப் பிளக்கைத் திறந்து பார்க்கிறேன், இரண்டு நிமிட வேலை. இன்னொன்று, அந்தக் காலத்து பிரேக், கிளட்ச் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், நனைத்துத் துடையுங்கள், முகமூடி போடுங்கள்.

கன்வர்ட்டரும் பவர்ஷிஃப்ட்டும் என்னை ஏமாற்றியதே இல்லை. ஆயிலை எஞ்சின் ஓடும்போது, சூடாக, நியூட்ரலில் பார்க்க வேண்டும், எஞ்சின் ஆயில் மாதிரி நிறுத்திவிட்டுப் பார்த்தால் அளவு தப்பாகத் தெரியும். குவியலில் முட்டிக்கொண்டு செயின் நகராமல் எஞ்சினை மட்டும் முறுக்கினால் அந்தச் சக்தி முழுக்க ஆயிலில் சூடாகத்தான் மாறும். சூட்டு மீட்டரின் முள் சிவப்புக்குப் போனால் எஞ்சினை அணைக்காமல் நியூட்ரலில் போட்டுப் பாதி ஆக்சிலரேட்டரில் ஓடவிடுங்கள், ஆயில் சுற்றினால்தான் குளிரும். முன்னாலிருந்து பின்னால் மாற்றும்போது லிவர் உடனே மாறத்தான் செய்யும், ஆனாலும் நான் வேகத்தைக் குறைத்துவிட்டே மாற்றுகிறேன்.

எஞ்சினுக்கு அதிகம் எழுத ஒன்றுமில்லை. 250 மணி நேரத்துக்கு ஆயிலும் ஃபில்டரும், காலையில் டீசல் டேங்கின் அடியிலிருந்து தண்ணீர் வடித்தல், அணைக்கும் முன் டர்போ ஆறுவதற்கு ஐந்து நிமிடம் ஐடிலில். ஏர் ஃபில்டரைக் காற்றடித்தால் உள்ளிருந்து வெளியே, 2 பாருக்குமேல் அழுத்தம் கூடாது, உள் ஃபில்டரைச் சுத்தம் செய்யவே கூடாது, மாற்றத்தான் வேண்டும். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஈர லைனர் (வெளிப்பக்கத்தைத் தண்ணீர் நேராகத் தொடும் சிலிண்டர் உறை) உள்ள டீசல் எஞ்சினில் பிஸ்டன் அடிக்கும்போது லைனர் அதிரும், அதன் வெளிப்பக்கம் தண்ணீரில் நுண்குமிழிகள் உருவாகி வெடித்து இரும்பைக் கொத்திக் கொத்தி ஊசித்துளை போடும். கூலன்ட்டில் இருக்கும் மருந்து லைனர்மேல் படலமாக ஒட்டி அதைத் தடுக்கிறது. தண்ணீர் மட்டும் ஊற்றினால் ஒருநாள் ஆயிலில் தண்ணீர் வரும். டீசல் செலவு எனக்குச் சராசரியாக மணிக்கு 14 லிட்டர், நல்ல இறுக்கமான மண்ணில் 17 வரை போகும். பழைய எஞ்சினுக்கு இது நியாயம்தான்.

ஹைட்ராலிக்கில் ஒரு கசப்பு. நாலாம் வருடம் பக்கெட் தூக்கும் வேகம் குறைந்து, பம்ப் கூழாங்கல்லை அரைப்பது மாதிரிச் சத்தம் போட்டது. ஒரு பட்டறையில் காட்டினேன், கேட்டமாத்திரத்தில் பம்ப் போச்சு, மாற்ற வேண்டும் என்றார்கள், யாரும் எதையும் அளக்கவில்லை. நான் வீட்டுக்கு வந்து டேங்கைத் திறந்து பார்த்தேன். ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தது. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து வைத்தேன், அரை மணி நேரத்தில் தெளிந்துவிட்டது. தண்ணீர் கலந்திருந்தால் அப்படித் தெளியாது, காற்று கலந்தால்தான் தெளியும். அப்படியானால் பம்ப் எங்கிருந்தோ காற்றை உறிஞ்சுகிறது. உறிஞ்சு குழாயின் கிளாம்ப் தளர்ந்திருந்தது, ஹோஸும் காய்ந்து வெடித்திருந்தது. ஒரு ஹோஸ், இரண்டு கிளாம்ப், அதோடு முடிந்தது, அதே பம்ப் இன்றும் ஓடுகிறது. உறிஞ்சும் பக்கம் கசிவு இருந்தால் ஆயில் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும், அதனால் கண்ணுக்குத் தெரியாது. பழைய வண்டியில் பம்ப்பைக் குறை சொல்லும் முன் அந்த ஹோஸைப் பாருங்கள்.

அழுத்தப் பக்கத்துக் கசிவைக் கையால் தடவித் தேடக்கூடாது, ஒரு அட்டையை வைத்துத் தேடுங்கள். ஊசித்துளையிலிருந்து வரும் ஆயில் தோலுக்குள் புகுந்துவிடும், அப்படி ஆனால் வலிக்கவில்லை என்று விடாமல் உடனே ஆஸ்பத்திரி போக வேண்டும். பக்கெட்டைத் தாங்கும் தூக்கிய இரும்புக் கைகளுக்கு அடியில் வேலை செய்யும் முன் பூட்டுத் தாங்கியை மாட்டியே தீர வேண்டும், வால்வு பிடித்திருக்கிறது என்று நம்பி யாரும் அடியில் போகவேண்டாம்.

பக்கெட்டையும் அதன் கைகளையும் இணைக்கும் பின்களுக்கு தினமும் கிரீஸ். இதில் நான் தாமதமாகக் கற்றது ஒன்று: பக்கெட் தரையில் இருக்கும்போது மட்டும் கிரீஸ் அடித்தால், சுமை தாங்கும் பக்கம் பின்னும் புஷ்ஷும் ஒட்டிக்கொண்டிருப்பதால் கிரீஸ் தளர்ந்த பக்கமாகவே வெளியே வந்துவிடும். பாதி அடித்துவிட்டு, பக்கெட்டைச் சுருட்டி வேறு நிலையில் வைத்து, எஞ்சினை அணைத்து, மீதியை அடித்தால் எல்லாப் பக்கமும் போகும். அப்படிச் செய்ய ஆரம்பித்தபிறகு பக்கெட் ஆட்டம் கூடுவது நன்றாகவே குறைந்தது.

வசதியைப் பற்றி மறைக்க விரும்பவில்லை. சத்தம் அதிகம், காது அடைப்பான் இல்லாமல் ஒரு மணி நேரம்கூட உட்காராதீர்கள். எஞ்சின் முன்னால் இருப்பதால் ஃபேன் தள்ளும் சூடும் தூசியும் நேரத்தைப் பொறுத்து நம் பக்கம் வரும். செயின் அதிர்வு முதுகுக்குப் போகும். சீட்டை மாற்றினேன், அது நான் இந்த வண்டிக்குச் செய்த மிகச் சிறந்த செலவுகளில் ஒன்று. முன்னால் பக்கெட்டின் மூலைகள் சரியாகத் தெரியாது, பழகத்தான் வேண்டும், ஆள்கள் நடமாடும் இடத்தில் தனியாக ஒருவர் நின்று வழிகாட்டாமல் ஓட்டவே கூடாது.

வாங்கப் போகிறவர்கள் ஸ்ப்ராக்கெட் பல்லை முதலில் பாருங்கள், கூர்மையாகி வளைந்திருந்தால் செயினும் முடிந்த கதை. விற்பவர் புதுச் செயின் என்று சொன்னால் ஸ்ப்ராக்கெட்டும் புதியதா என்று கேளுங்கள், பழைய பல்லில் புதுச் செயின் போட்டால் அது சீக்கிரமே பழையதாகிவிடும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். பக்கெட்டில் மண் ஏற்றித் தூக்கி, எஞ்சினை அணைத்து, தள்ளி நின்று பத்து நிமிடம் பார்த்தால் சிலிண்டர், வால்வின் நிலை தெரிந்துவிடும். இரண்டு பக்கமும் பெரிய வட்டம் போட்டுத் திருப்பிப் பாருங்கள். ஃபைனல் டிரைவ் ஓரமெல்லாம் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் அங்கேயே இன்னும் அரை மணி நேரம் செலவழியுங்கள்.

போன மாதம் பிட்ச் அளந்தபோது வலது செயின் இடதைவிட 2 மில்லிமீட்டர் அதிகம் நீண்டிருந்தது. போன இரண்டு அளவுகளையும் எடுத்துப் பார்த்தேன், அப்போதிருந்தே வித்தியாசம் மெல்ல மெல்ல வந்திருக்கிறது. யோசித்துப் பார்த்தால், இந்த வேலை தொடங்கியதிலிருந்து டிப்பர் எப்போதும் குவியலுக்கு இடதுபக்கம்தான் நிற்கிறது, ஒவ்வொரு பக்கெட்டுக்கும் சுமையோடு நான் இடதுபக்கமே திரும்புகிறேன், வலது செயின்தான் முழு வண்டியையும் தள்ளிக்கொண்டு அதிக தூரம் நடக்கிறது. வழியைக் கொஞ்சம் வெட்டி அகலமாக்கி, டிப்பரை வலதுபக்கம் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். அடுத்த 250 மணி நேரத்தில் டேப் என்ன காட்டுகிறது என்று பார்க்க வேண்டும்.